வன்கனியும் வாலில்லாக் குரங்கும்

காட்டிலே வாழும் குரங்குக்கு உணவுக் கவலை இல்லை என்பது நாட்டிலே வாழ்வோர் பலரின் எண்ணம். மரம் பழுக்கிறது, குரங்கு கையை நீட்டிப் பறிக்கிறது, வயிறு நிறைய உண்டு கிளையிலே சாய்ந்து உறங்குகிறது. வீட்டு வளவிலே நிற்கும் மாவையும் வாழையையும் மனத்தில் வைத்துக்கொண்டு காட்டை நினைப்பதால் வரும் எண்ணம் இது. வளவிலே நிற்பவை மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்த மரங்கள். அவற்றின் பழங்களிலே சதை அதிகம், இனிப்பு அதிகம், நார் குறைவு. காட்டுப் பழம் அத்தகையதன்று. அதன் தோல் தடித்தது, சதை சிறிது, நார் பெரிது, வித்தோ கல்லைப் போன்றது. அதனை உண்பது எளிதன்று. உண்டதைச் சமிபாடடையச் செய்வது அதனிலும் கடினம்.

இதற்குக் காரணம் மரத்தின் வாழ்க்கை முறையிலே உள்ளது. மரம் நடக்கமாட்டாது. அதன் வித்து தூர இடத்துக்குச் செல்லவேண்டுமாயின் யாரேனும் கொண்டு செல்லவேண்டும். பழத்தின் சதை அந்தச் சுமைகூலி. ஆனால், வித்து முற்றுமுன்னர் பழம் உண்ணப்பட்டாலும், வித்தே மென்று அரைக்கப்பட்டாலும் மரத்துக்கு நட்டமே. ஆகவே காயாக இருக்கும்போது துவர்ப்பும் கசப்பும் காவல் செய்கின்றன. வாழைக்காயைக் கடித்தால் நா கயர்ப்பதற்குக் காரணமான தனின் என்னும் பொருள் அத்தகைய காவலாளி. அது வாயிலும் குடலிலும் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு சமிபாட்டைத் தடைசெய்கிறது. வித்தைச் சுற்றி வன்மையான ஓடு மற்றொரு காவல்.

இக்காவலைக் கடக்கவேண்டிய உயிர்களுள் முக்கியமானவை வாலில்லாக் குரங்குகள். ஆபிரிக்காவின் சிம்பன்சி, பொனோபோ, கொரிலா என்னும் மூன்றும், சுமாத்திரா, போர்ணியோ ஆகிய தீவுகளின் ஒராங் உட்டானும் இவ்வினத்துட் பெரியவை. இவை மனிதனுக்கு மிக நெருங்கிய உறவினவாதலால், வயிற்றின் அமைப்பிலும் மனிதனையே ஒத்திருக்கின்றன. அவற்றின் தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது.

அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் பழைய இடிபாடுகளினிடையே தாவித் திரியும் சாம்பல்நிற மந்திகளை நேயர்கள் பலர் கண்டிருப்பர். மந்தியின் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்தது. உண்ட இலையும் காயும் முதலிலே அங்கு தங்குகின்றன. அவ்வறைகளிலே குடியிருக்கும் பற்றீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்து உடைக்கின்றன. உடைந்த பின்னரே உணவு சிறுகுடலுக்குச் செல்கிறது. மாட்டின் வயிற்றிலே நடைபெறுவதும் ஏறக்குறைய இதுவே. ஆகையால் மந்தி, முற்றிய இலையையும் பழுக்காத காயையும் உண்டு காலங்கழிக்க வல்லது.

வாலில்லாக் குரங்கின் இரைப்பையோ மனிதனுடையதைப் போல ஒரே பை. நாரை உடைக்கும் பற்றீரியாக்கள் அதற்கும் உண்டு. ஆனால் அவை பெருங்குடலிலும் குருட்டுக்குடலிலும் வாழ்கின்றன. சத்துக்களைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்வது சிறுகுடல். உணவு அதனைக் கடந்த பின்னரே பற்றீரியாக்களின் வேலை ஆரம்பமாகிறது. நெல்லைச் சோறாக்கி உண்டபின் உமி நீக்கியதைப் போன்ற நிலை இது.

உகண்டா நாட்டின் கிபாலே காட்டிலே றிச்சட் றங்கம் என்பவரும் அவருடைய துணைவரும் செய்த ஆராய்ச்சி 1998இல் வெளியாயிற்று. அக்காட்டிலே சிம்பன்சிகளும் வாலுள்ள குரங்குகள் சிலவும் ஒரே மரங்களை நாடி வாழ்கின்றன. துவர்ப்பையும் ஏனைய காவற் பொருள்களையும் வாலுள்ள குரங்குகள் அதிகமாகத் தாங்குகின்றன. எனவே பழம் அருகிய காலத்தில் அவை வேறு உணவுகளுக்கு மாறிவிடுகின்றன. சிம்பன்சிகளோ அக்காலத்திலும் கனிந்த பழத்தையே தேடி அலைகின்றன. கனியுமுன்னரே மரத்தை வெறுமையாக்கக்கூடிய போட்டியாளர் பலர் சூழ்ந்திருக்க, கனிந்ததை மட்டும் நம்பிப் பிழைக்கவேண்டியது அவற்றின் விதி. வயிற்றினால் இயலாததைக் கையாலும் வாயாலும் அறிவாலும் செய்து அவை அவ்விதியை வெல்கின்றன.

முதலாவது வழி, கனிந்ததைத் தெரிந்தெடுத்தல். ஆபிரிக்க அத்திகளுட் சில கனிந்த பின்னரும் பச்சை நிறமாகவே இருக்கின்றன. கண்ணால் நோக்கி அறிய முடியாது. கிபாலேயிலே சிம்பன்சி அவ்வத்தியை விரல்களால் மெல்ல அமுக்கிப் பார்க்கிறது. ஐயமிருந்தால் உதட்டாலும் முன்பல்லாலும் பதம் பார்க்கிறது. மென்மை இனிப்புக்கு அடையாளம் என்பது அதற்குத் தெரியும். சந்தையிலே மாம்பழம் வாங்கும் இல்லத்தரசி, வியாபாரி முகஞ்சுளிக்க ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பதும் இதே அறிவினாலேதான். சிம்பன்சியின் விரல் நுனி இத்தேர்வை விரைவாகவும் திறமையாகவும் செய்வதை 2016இல் வெளியான ஆராய்ச்சியொன்று அளந்து காட்டியது.

இரண்டாவது வழி, சாறு வேறு சக்கை வேறாகப் பிரித்தல். யாழ்ப்பாணத்துச் சிறுவர் பனம்பழத்தைச் சுட்டுச் சூப்பும் காட்சியை நினைவுகூர்ந்தால் இது எளிதில் விளங்கும். நாரை எவரும் விழுங்குவதில்லை. களியை உறிஞ்சிக்கொண்டு மிகுதியை எறிந்துவிடுகின்றனர். சிம்பன்சியும் அவ்வாறே செய்கிறது. அதன் கீழுதடு நீண்டு வளையக்கூடியது. பல அத்திப்பழங்களை ஒருங்கே வாயிலிட்டு, கீழுதட்டுக்கும் பல்லுக்குமிடையே ஒதுக்கி, அண்ணத்தோடு வைத்து நெரிக்கிறது. சாறு தொண்டைக்குள் இறங்குகிறது. தோலும் நாரும் வித்தும் ஒரு கட்டியாக எஞ்சுகின்றன. அக்கட்டியை நெடுநேரம் உறிஞ்சி, இடையிடையே வெளியே எடுத்துப் பார்த்து, இனிப் பயனில்லை என்று கண்டபின் துப்பிவிடுகிறது. பெருங்குடலுக்குச் சுமையாகும் நாரை, வாயிலேயே தடுத்து நிறுத்தும் உபாயம் இது. சிம்பன்சிகள் உண்ட மரத்தடியிலே இத்தகைய உலர்ந்த சக்கைகள் சிதறிக் கிடக்கும்.

மூன்றாவது வழி, வித்தை உடைக்காமல் விழுங்கிவிடுதல். வித்தோடு சதை ஒட்டிக்கொண்டிருக்கும் பழங்களை மென்று பிரிப்பது வீண் வேலை. அவற்றை முழுதாக விழுங்கினால் சதை உள்ளே கரைய, வித்து மறுநாளோ அதற்கடுத்த நாளோ எச்சத்தோடு வெளியேறும். இதனால் மரமும் பயன் பெறுகிறது. கபோன் நாட்டின் லோப்பே காட்டிலே கொலா இனத்து மரம் ஒன்றின் பெரிய வித்துக்களை அதிகமாகப் பரப்புவது கொரிலாவே. கொரிலா இரவிலே படுக்கை அமைக்கும் இடங்கள் பெரும்பாலும் வெளிச்சம் விழும் திறந்த இடங்கள். அங்கு விழுந்த வித்துக்கள், தாய்மரத்தின் நிழலில் விழுந்தவற்றிலும் நன்றாக வளர்வதை ஆராய்ச்சியாளர் கண்டனர். மரம் கொடுத்த கூலிக்குக் குரங்கு செய்யும் வேலை இது.

கொரிலாவுக்கு மற்றுமொரு வசதி உண்டு. அதன் உடல் பெரியது. பெருங்குடலும் மிகப் பெரியது. நார்ப்பொருள் அங்கு நெடுநேரம் தங்கி நொதிப்பதனால் உண்டாகும் கொழுப்பமிலங்களைப் பெருங்குடலே உறிஞ்சிக்கொள்கிறது. மேற்குத் தாழ்நிலக் கொரிலா பெறும் சக்தியில் பாதிக்கு மேற்பட்டது இவ்வாறு கிடைக்கிறது என்பது ஒரு கணக்கு. ஆகையால் பழம் இல்லாத மாதங்களிலே அது தண்டையும் இலையையும் பட்டையையும் உண்டு பொறுத்திருக்கும். ஆயினும் பழம் கிடைக்கும் காலத்திலே அதற்காக நெடுந்தூரம் நடந்து செல்லவும் தவறுவதில்லை.

நான்காவது வழியைக் கேட்போர் அருவருப்படையக்கூடும். செனகல் நாட்டின் பொங்கோலி என்னுமிடம் வெப்பம் மிகுந்த புல்வெளிப் பிரதேசம். அங்கு வாழும் சிம்பன்சிகளுக்குப் பெருக்கமரத்தின் காய் முக்கிய உணவு. மன்னாரிலே அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டவை என்று சொல்லப்படும் பருத்த மரங்கள் இவ்வினத்தனவே. அதன் காயைக் கண்டவர்கள், மெல்லிய உரோமம் போர்த்த கடின ஓட்டையும், உள்ளே வித்துக்களைச் சூழ்ந்திருக்கும் புளிப்பான வெண்ணிற மாவையும் அறிவர். பொங்கோலிச் சிம்பன்சி அக்காயைக் கையிற் பிடித்துக் கல்லிலோ வேரிலோ அடித்து உடைக்கிறது. மாவை உண்பது எளிது. காய் முற்றாத காலத்தில் வித்தும் மெதுவாக இருக்கும், அதனையும் மென்றுவிடலாம். முற்றிய பின் வித்து பல்லுக்கு அசையாது. அப்போது வித்தை மாவோடு விழுங்குகிறது. எச்சத்தோடு வெளிவந்த வித்துக்களைப் பின்னர் பொறுக்கியெடுத்து, பல்லால் உடைத்து உள்ளீட்டை உண்கிறது. குடலினூடாகச் சென்றுவந்ததில் வித்தின் தோல் இளகிவிடுகிறது. புரதமும் கொழுப்பும் நிறைந்த பருப்பு இவ்வாறு இரண்டாம் முறையிலே கைக்கு வருகிறது.

கொங்கோ நாட்டின் வம்பாவிலே பொனோபோக்களும், மத்திய ஆபிரிக்கக் குடியரசின் காடுகளிலே கொரிலாக்களும் டயாலியம் என்னும் மரத்தின் வித்துக்களை இவ்வாறே மீண்டும் உண்பதை ஆராய்ச்சியாளர் எழுதியுள்ளனர். இலங்கைச் சந்தைகளிலே சிங்களத்திற் கல்சியம்பலா என்ற பெயரோடு விற்கப்படும் சிறிய புளிப்புக் கனி இம்மரத்தின் உறவு. முயலும் தன் எச்சத்திற் குறித்த ஒரு பகுதியை மீண்டும் உண்கிறது என்பது பலரும் அறிந்ததே. பின்னே தாமதித்து நடந்த வேலையின் பயனைச் சிறுகுடலுக்கு மறுபடியும் கொண்டுவருதலே அதன் கருத்து. நோயினாலோ பசியின் கொடுமையினாலோ செய்யும் இழிசெயல் என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. தன்சானியாவின் ஹட்சா மக்கள் பெருக்க வித்தைக் கல்லில் இடித்து மாவாக்கி உண்கின்றனர். அவர்கள் கல்லினாற் செய்வதைப் பொங்கோலிச் சிம்பன்சி தன் குடலினாற் செய்கிறது.

கல்லைக் கையாளும் சிம்பன்சிகளும் உண்டு. அதுவே ஐந்தாவது வழி. வழிகளிலே வியப்பு மிகுந்ததும் அதுவே. ஐவரி கோஸ்ட் நாட்டின் தாய் என்னும் காட்டிலே கிறிஸ்தோப் போயெஷ் என்பவரும் அவர் மனைவியாரும் 1979 முதல் சிம்பன்சிகளைக் கவனித்து வந்தனர். அங்கு கூலா, பண்டா என்னும் இருவகைக் கொட்டைகள் உண்டு. கூலாவை மரத்தடியினாலும் உடைக்கலாம். பண்டாவின் ஓடு மிகக் கடியது; கல்லினாலன்றி உடையாது. அம்மழைக்காட்டிலே நல்ல கல் அரிதாகையால், சிம்பன்சி கல் கிடக்கும் இடத்தை நினைவில் வைத்திருந்து, அதனைச் சுமந்துகொண்டு மரத்தை அடைகிறது. வேர்ப்புடைப்பின் மேற் கொட்டையை வைத்து, கல்லை அளவாக ஓங்கி அடிக்கிறது. அடி மெதுவானால் ஓடு உடையாது. கடுமையானால் பருப்பு நசுங்கிப் போகும். பண்டாவினுள்ளே பருப்புகள் தனித்தனி அறைகளில் இருப்பதால், ஒன்றை எடுத்தபின் கொட்டையைத் திருப்பி வைத்து மறுபடியும் அடிக்கவேண்டும். இக்காட்டிலே நிலத்தைத் தோண்டி எடுத்த சிம்பன்சிகளின் கற்கருவிகள் சுமார் 4,300 ஆண்டுப் பழமையானவை என்று 2007இல் அறிவிக்கப்பட்டது. அக்கற்களிலே கொட்டைகளின் மாப்பொருள் அப்போதும் ஒட்டியிருந்தது.

இதே கூலாக் கொட்டையைக் கபோனின் லொவாங்கோ பகுதியிலே கொரிலாக்கள் பல்லினாலேயே உடைக்கின்றன. தாடை வலிமை குறைந்த சிம்பன்சிக்குக் கல் துணையாயிற்று. கினி நாட்டின் நிம்பா மலையிலே பலாவின் குடும்பத்தைச் சேர்ந்த திரெகூலியா என்னும் பழம் பல கிலோகிராம் நிறையுடையது. அது சிம்பன்சியின் வாய்க்குள் அடங்காது, கடிக்கவும் இயலாது. அம்மரத்தடியிலே கிடைத்த கற்களையும் தடிகளையும் பழத் துண்டுகளையும் ஆராய்ந்தோர், பழத்தை வாய்க்கு ஏற்ற துண்டுகளாகப் பிளப்பதற்குச் சிம்பன்சிகள் கருவிகளைக் கையாளுகின்றன என்று 2010இல் எழுதினர்.

சுமாத்திராவின் சதுப்புக் காடுகளிலே நீசியா என்னும் மரம் உண்டு. துரியன் மரத்துக்கு உறவானது. அதன் காய் முற்றியதும் ஐந்து பிளவாக வெடிக்கும். உள்ளே கொழுப்பு நிறைந்த வித்துக்கள் தெரியும். ஆனால் அவற்றைச் சுற்றிலும் தோலிலே குத்தி வேதனை தரும் மயிர்கள் செறிந்திருக்கும். சுவாக் பலிம்பிங் என்னுமிடத்து ஒராங் உட்டான் சிறு குச்சியொன்றின் பட்டையை உரித்து, வாயிலே கௌவி, பிளவினுள்ளே செலுத்தி மயிர்களை நீக்கி வித்துக்களை வெளியே எடுக்கிறது. அலாஸ் ஆற்றின் மறுகரையிலும் நீசியா மரம் உண்டு; ஒராங் உட்டானும் உண்டு; குச்சியும் உண்டு. ஆனால் அங்கு அவ்வித்தை இல்லை. கரெல் வான் ஷைக் என்னும் அறிஞர் இவ்வேற்றுமையைச் சுட்டிக்காட்டினார். அகன்ற ஆற்றை ஒராங் உட்டான் கடப்பதில்லை. ஒரு கரையின் அறிவு மறுகரைக்குச் செல்லவில்லை.

சிம்பன்சிகளிடையேயும் இதனைக் காணலாம். ஜேன் குடோல் 1960இல் ஆராய்ச்சி தொடங்கிய கொம்பேயிலே எண்ணெய்ப் பனை உண்டு. அங்குள்ள சிம்பன்சிகள் அதன் புறச்சதையை உண்டு, கொட்டையை எறிந்துவிடுகின்றன. கினி நாட்டின் பொசூவிலே வாழ்பவையோ கொட்டையைத் தட்டையான கல்லின்மேல் வைத்து வேறொரு கல்லால் உடைத்துப் பருப்பை உண்கின்றன. அடிக்கல் ஆடினால் அதன் கீழே சிறு கல்லை அணையாக வைப்பதும் உண்டு. ஆகவே இவ்வாற்றல் பிறப்போடு வருவதன்று, கற்று வருவது.

கற்கும் முறையும் கவனிக்கத்தக்கது. தாய் கொட்டையுடைக்கும்போது குட்டி முகத்தருகே அமர்ந்து நோக்குகிறது, உடைந்த பருப்பை எடுக்கிறது, தாய் தடுப்பதில்லை. பின்னர் கல்லை உருட்டுகிறது. கொட்டையைக் கையால் அறைகிறது. கல்லின்மேற் கொட்டை வைப்பதற்குப் பதிலாகக் கொட்டையின்றியே கல்லோடு கல்லை மோதுகிறது. எண்ணற்ற தவறுகளின் பின், பொசூவிலே பெரும்பாலும் மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையிலே, முதற் கொட்டை உடைகிறது. அக்காலத்தைத் தவறவிட்டவை சில, வளர்ந்த பின்னரும் கொட்டையுடைக்கத் தெரியாமலே வாழ்ந்தன. தாய்க் காட்டிலே முழுத் திறமை பெறப் பத்து ஆண்டளவு செல்லும். அங்கு தாய்மார் தம் கல்லையும் கொட்டையையும் குட்டியின் அருகே விட்டுச் செல்வதுண்டு. மகள் கல்லைப் பிழையாகப் பிடித்திருக்கக் கண்ட ஒரு தாய், அதனை வாங்கி, மிக மெதுவாகச் சரியான நிலைக்குத் திருப்பிக் காட்டியதைப் போயெஷ் 1991இல் எழுதினார். அத்தகைய நேரடிப் போதனையை அவர் கண்டது இருமுறையே. பொறுமையை அவர் கண்டது எந்நாளும்.

தலைமுறை தலைமுறையாக வருவது எதுவாயினும் ஒரு தலைமுறையிலே அறுந்துபோகவும் கூடும். 144 சிம்பன்சிக் கூட்டங்களின் 31 பழக்கங்களை ஒப்புநோக்கிய ஆராய்ச்சியொன்று 2019இல் வெளியாயிற்று. மனிதரின் தாக்கம் மிகுந்த இடங்களிலே, இப்பழக்கங்கள் காணப்படும் வாய்ப்பு, தாக்கம் மிகக் குறைந்த இடங்களிலும் பார்க்கச் சராசரியாக 88 நூற்றுவீதம் குறைவாக இருந்தது. காடு துண்டுபடும்போது ஒரு கூட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இளம் பெண் குரங்குகளின் வழி அடைபடுகிறது. வேட்டையிலும் நோயிலும் முதியவை மறையும்போது பார்த்துக் கற்பதற்கு ஆள் இல்லாமற் போகிறது.

பொசூவே இதற்குச் சான்று. யப்பானிய அறிஞர் 1976இல் அங்கு தொடர்ச்சியான ஆராய்ச்சியைத் தொடங்கிய காலத்தில் அக்கூட்டத்தில் 20 அளவிலே சிம்பன்சிகள் இருந்தன. நிம்பா மலை சில கிலோமீற்றர் தூரமே. எனினும் இடையிலே மரமற்ற வெளி. 2003இன் இறுதியிலே சுவாச நோய் பரவி ஐந்து உயிர்கள் மடிந்தன. பின்னர் கூட்டம் பத்துக்கும் கீழே சுருங்கியது. வெளியிலே மரம் நட்டு மலையோடு பாதை அமைக்கும் முயற்சி 1990களின் பிற்பகுதியிலே தொடங்கியது. மரம் வளரும் வேகம் மெதுவானது.

எண்ணெய்ப் பனை பொசூவிலே இனியும் காய்க்கும். கற்களும் அங்கேயே கிடக்கும். கல்லை எடுத்துக் கொட்டையின்மேல் எவ்வளவு ஓங்கி அடிக்கவேண்டும் என்பது கல்லிலும் இல்லை, கொட்டையிலும் இல்லை. அது தாயின் கையிலே இருக்கிறது. அதனை அருகிலிருந்து நோக்கும் குட்டியின் கண்ணிலே இருக்கிறது. காட்டைக் காப்பது என்பது மரத்தைக் காப்பது மட்டுமன்று, அந்தக் கையையும் கண்ணையும் பிரியாமற் காப்பதுமாகும்.